கதைச் சிங்கம் ஏன் ஏமாறுகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் பஞ்சதந்திரத்துச் சிங்கமும் எருதும் கதையைச் சுருக்கி வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த பெரியவர்களிடமிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. சென்னை வாசகர்கள் எழுதியவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் பேரனுக்கு இரவில் பஞ்சதந்திரக் கதைகளைச் சொல்லி வருகிறேன். முயல் சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த கதையைக் கேட்டவன், "ஒரு முயலிடம் ஏமாறுகிற சிங்கத்தை எதற்காகப் பாட்டி ராஜா என்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. (வாசகி, மயிலாப்பூர்)

தங்கள் பேரன் கேட்டிருப்பது அந்த நூலின் அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி. காட்டில் சிங்கத்துக்கு யாரும் அபிடேகம் செய்வதில்லை, சடங்கு எதுவும் நடத்துவதில்லை, தன் வலிமையாலேயே அது விலங்குகளுக்கு அரசாகிறது என்று, பஞ்சதந்திரத்தைப் போன்ற இன்னொரு வடமொழிக் கதைநூலான இதோபதேசத்தில் ஒரு சுலோகம் உண்டு. சிங்கத்தின் அரசுரிமைக்குக் கதையாசிரியர்கள் காட்டும் சான்று அவ்வளவுதான். அறிவையோ நீதியையோ அவர்கள் அதற்கு உரிமையாக்கவில்லை. வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டு அரியணையில் அமர்ந்தவன், வலிமை உதவாத இடத்தில் என்ன செய்வான் என்பதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கிறார்கள். விஷ்ணுசர்மன் என்னும் பெரியவர் அரசகுமாரர் மூவருக்குச் சொன்ன கதைகள் என்று பஞ்சதந்திரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதை நினைவிற்கொண்டால், வருங்கால அரசர்களின் முன்னால் ஏமாறும் அரசனை ஏன் நிறுத்தினார்கள் என்பது விளங்கும்.

அந்தச் சிங்கங்கள் எதனால் கெடுகின்றன என்பதைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பல்லாலும் நகத்தாலும் வெல்லக்கூடிய பகையிடம் அவை அநேகமாகத் தோற்பதில்லை. காதில் விழுந்ததை நம்பித் தோற்கின்றன. தந்திரம் எனப்படும் ஐந்து பகுதிகளுள் முதலாவதான மித்திரபேதத்தின் தொடக்கத்தையே பாருங்கள். பிங்களகன் என்னும் சிங்கம் நீர் அருந்த யமுனைக் கரைக்கு வருகிறது. எங்கிருந்தோ ஒரு முழக்கம் கேட்கிறது. தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிவந்து, அச்சத்தை வெளிக்காட்டாமல் பரிவாரம் சூழ ஓர் ஆலமரத்தடியில் அமர்ந்துகொள்கிறது. முழங்கியது யார் என்றால், வணிகன் ஒருவனின் வண்டியை இழுத்துவந்து, காலில் அடிபட்டு வழியில் கைவிடப்பட்டு, பின்பு பச்சைப்புல் தின்று தேறிய சஞ்சீவகன் என்னும் எருது. வண்டிமாட்டின் குரலுக்கு மிருகராஜன் நடுங்கினான் என்று தொடங்குவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்த நடுக்கத்தைக் கண்டுகொண்ட தமனகன் என்னும் நரி, போர்க்களத்தில் கிடந்த பேரிகையின் ஓசைக்கு அஞ்சிய வேறொரு நரியின் கதையை அரசனுக்கே சொல்கிறது. அருகில் போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது தோலும் கட்டையும்தான்.

தங்கள் பேரன் கேட்ட கதையில் வரும் பாசுரகன் என்னும் சிங்கமும் இதே வழியில்தான் அழிகிறது. வேறொரு சிங்கம் தன்னை வழிமறித்தது என்று முயல் சொன்ன சொல்லை அது விசாரிக்கவில்லை. கிணற்றில் தெரிந்த உருவத்தைப் பார்த்துக் கர்ச்சிக்கிறது, உள்ளிருந்து இருமடங்காக எதிரொலி எழுகிறது, தன் குரலையே பகைவனின் குரலாக எடுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. குகைக் கதையில் இது இன்னும் வேடிக்கையாகிறது. பசியோடு ஒரு குகைக்குள் புகுந்து சிங்கம் காத்திருக்க, அங்கே குடியிருக்கும் நரி உள்ளே போன காலடித் தடம் மட்டும் இருப்பதையும் வெளியே வந்த தடம் இல்லாததையும் கண்டு, "குகையே! நான் வந்தால் நீ என்னை அழைக்க வேண்டும் என்பதல்லவா நம் ஒப்பந்தம்? இன்று ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்கிறது. நமக்கு அஞ்சித்தான் குகை வாய்மூடி இருக்கிறது என்று நம்பிய சிங்கம், குகையின் சார்பில் தானே பதில் கர்ச்சித்துவிடுகிறது.

நான்காம் தந்திரத்துக் கழுதைக் கதையில் ஆசிரியர் இதை வெளிப்படையாகவே கேலி செய்கிறார் என்பது என் எண்ணம். காயம்பட்ட சிங்கத்துக்காக நரி ஒரு கழுதையை ஆசைகாட்டி அழைத்துவருகிறது; பாய்ச்சல் தவறிப்போகக் கழுதை ஓடிவிடுகிறது; நரி மறுபடியும் பேசி அழைத்துவர, இம்முறை கழுதை செத்துப்போகிறது. சிங்கம் நீராடப் போயிருக்கும்போது கழுதையின் காதையும் நெஞ்சையும் நரி தின்றுவிடுகிறது. திரும்பிவந்து கேட்ட சிங்கத்திடம், "அரசே, அதற்குக் காதும் நெஞ்சும் இருந்திருந்தால், உம்மை நேரில் கண்டு தப்பி ஓடியபின் மறுபடி வந்திருக்குமா?" என்கிறது. சிங்கம் அதையும் நம்பிவிடுகிறது. அந்தக் கழுதைக்கு ஆசிரியர் இட்ட பெயர் லம்பகர்ணன், அதாவது தொங்கும் காதுகளை உடையவன். காது இல்லாமல் போனது யாருக்கு என்று தங்கள் பேரனிடமே கேட்டுப் பாருங்கள்; சரியாகச் சொல்லிவிடுவான்.

கேள்வி: ஈசாப் கதைகளிலும் சிங்கம் வருகிறது, பஞ்சதந்திரத்திலும் வருகிறது. யாரிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள்? (வாசகர், பெரம்பூர்)

இதற்கு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னவர்கள் பின்னால் மறுக்கப்பட்டிருக்கிறார்கள். பஞ்சதந்திரத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1859-ஆம் ஆண்டில் விரிவான ஆய்வுரையோடு வெளியிட்ட தியோடர் பென்பே, மற்ற கதைகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து மேற்கே போனவை என்றாலும் விலங்குக் கதைகள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்து இங்கே வந்தவை என்று கருதினார். எதிர்த்தரப்பினர் நரியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சிங்கத்தின் பின்னால் திரிந்து மிச்சத்தைத் தின்பது நம் நரியின் இயல்பான தொழில். கிரேக்கக் கதையில் அதனிடத்தில் வரும் செந்நரிக்கு அந்த வழக்கம் இல்லை என்பது அவர்களின் வாதம். இரு பக்கமும் போக்குவரத்து இருந்தது என்று கொள்வதே நியாயமாகத் தோன்றுகிறது.

நோயாளிச் சிங்கத்தின் குகைக்குள் போன தடங்கள் மட்டும் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிடும் நரி ஈசாப் கதைகளிலும் உண்டு. காணாமற்போன நெஞ்சின் கதையும் அங்கே உண்டு; ஆனால் அங்கே சாவது மான். எலி வலையைக் கடித்துச் சிங்கத்தை விடுவிக்கும் கதைக்கு இணையாக இங்கே எலிகள் யானைகளை விடுவிக்கின்றன. தொண்டையில் எலும்பு சிக்கிய விலங்கு கிரேக்கத்தில் ஓநாய், பாலி மொழியில் புத்தரின் முற்பிறப்புக் கதைகளைச் சொல்லும் ஜாதகத்தில் சிங்கம். மரங்கொத்தி அந்த எலும்பை எடுத்துவிட்டுப் பின்னொரு நாள் கைம்மாறு கேட்கும்போது, "என் வாய்க்குள் போய் உயிரோடு வெளியே வந்தாயே, அதுவே போதாதா?" என்கிறது அந்த நன்றிகெட்ட சிங்கம்.

கிரேக்கர்கள் சிங்கத்தைக் கேள்விப்பட்டு மட்டும் எழுதியதாகவும் நினைத்துவிட வேண்டாம். கி.மு. 480-இல் படையெடுத்து வந்த பாரசீக மன்னன் செர்க்சசின் ஒட்டகங்களை வடகிரேக்கப் பகுதியில் சிங்கங்கள் தாக்கியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதியிருக்கிறார்.

கேள்வி: நம் பழமொழிகளிலும் நீதிநூல்களிலும் சிங்கத்தைவிடப் புலியே அதிகம் வருவதாகத் தோன்றுகிறதே, உண்மையா? (கல்லூரி மாணவி, தாம்பரம்)

நல்ல கவனிப்பு. வரலாற்றுக் காலத்தில் இந்தியச் சிங்கங்கள் வாழ்ந்ததாக அறியப்படும் இடங்கள் நர்மதைக்கு வடக்கே இருப்பவை. தமிழ்ப் புலவர் காட்டில் கண்டது புலி. இதைப் பட்டினப்பாலை என்னும் ஒரே பாட்டுக்குள்ளேயே காணலாம். கரிகாலனைப் பற்றி உருத்திரங்கண்ணனார் பாடும்போது, "அரிமா அன்ன அணங்குடைத் துப்பின் திருமாவளவன்" என்று சிங்கத்தை ஓர் அடைமொழியாக வைத்து நகர்ந்துவிடுகிறார். ஆனால் பகைவர் சிறையில் அவன் வளர்ந்ததைச் சொல்ல வரும்போது, "கொடுவரிக் குருளை கூட்டுள் வளர்ந்தாங்கு" என்று கூண்டுக்குள் வளரும் புலிக்குட்டியைக் காட்டுகிறார். கேள்வியால் அறிந்த விலங்கு பெருமைக்கும், கண்ணால் கண்ட விலங்கு காட்சிக்கும் பயன்பட்டிருக்கின்றன.

இதனால் வேற்றூர்க் கதைகள் இங்கே வழங்கும்போது சிங்கத்தின் இடத்தில் புலி நிற்பதைப் பார்க்கலாம். கழுதை சிங்கத்தோல் போர்த்திப் பயிர் மேய்ந்த கதை ஜாதகத்தில் இருக்கிறது; கிரேக்கத்திலும் கழுதை போர்த்துவது சிங்கத்தோல்தான். திருவள்ளுவரோ பொய்த்துறவியைக் கடிந்துரைக்கும்போது, "பெற்றம் புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று" என்கிறார். கழுதை பசுவாகிவிட்டது, சிங்கம் புலியாகிவிட்டது. பசு என்றதும் உவமை கூர்மை பெறுகிறது என்றே சொல்வேன். சாதுவென்று எல்லாரும் நம்பும் விலங்கல்லவா வேடம் போடுகிறது! பஞ்சதந்திரத்தில் கற்றவர் மூவர் செத்த சிங்கத்தின் எலும்பைக் கூட்டி, தசை சேர்த்து, உயிரூட்டி, அதற்கே இரையாகிறார்கள். கல்வி இல்லாத நான்காமவன் மட்டும் முன்கூட்டியே மரத்தில் ஏறிப் பிழைக்கிறான். அதற்கு உறவான கருத்து மூதுரையில், "வேங்கை வரிப்புலிநோய் தீர்த்த விடகாரி ஆங்கதனுக்கு ஆகாரம் ஆனாற்போல்" என்று, நோய் தீர்த்த விஷவைத்தியனையே தின்றுவிடும் புலியைச் சுற்றி அமைந்திருக்கிறது.

ஆனால் அரசர்களுக்குச் சிங்கத்தின்மேல் இருந்த ஆசை குறையவில்லை. சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்று பல்லவர்கள் பெயர் சூட்டிக்கொண்டார்கள். மாமல்லபுரம் போனால் தூண்களின் அடியில் சிங்கங்கள் அமர்ந்து பாரம் சுமப்பதைப் பார்க்கலாம். கல்லில் இருந்த சிங்கமும் கதையில் இருந்த சிங்கமும் ஒரே நாட்டில், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் வாழ்ந்திருக்கின்றன.

கேள்வி: சிங்கமும் எருதும் கதையில் உண்மையான குற்றவாளி நரியா, சிங்கமா? சென்ற இதழில் முடிவைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். (ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், அம்பத்தூர்)

சிறுவர் பக்கம் என்பதால் சுருக்கினோம். முடிவு உண்மையிலேயே கசப்பானது. பதவி இழந்த அமைச்சர்களின் பிள்ளைகளான கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளில், தமனகன்தான் சிங்கத்தையும் எருதையும் நண்பர்களாக்குகிறது. அந்த நட்பால் தனக்கு மதிப்புக் குறைந்ததும், எருது அரியணைக்கு ஆசைப்படுகிறது என்று சிங்கத்திடமும், சிங்கம் உன்னைத் தின்னப் பார்க்கிறது என்று எருதிடமும் கோள் மூட்டுகிறது. இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் பகையைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள், எருது சாகிறது. சிங்கம் நண்பனை நினைத்து வருந்த, தமனகன் அரசநீதி பேசித் தேற்றி, அமைச்சுப் பதவியில் நிலைபெறுகிறது. அதாவது, கோள் சொன்னவனுக்குத் தண்டனையே இல்லை.

இந்த முடிவு அக்காலத்திலேயே சிலருக்கு உறுத்தியிருக்க வேண்டும். பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய மொழியான பகலவிக்குப் போய், அங்கிருந்து 8-ஆம் நூற்றாண்டில் இபுன் அல்முகஃபா என்பவரால் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபுக்குப் போயிற்று. கரடகன் கலீலாவாகவும் தமனகன் திம்னாவாகவும் ஆனார்கள். அரபு நூலில் மூலத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் சிங்கத்தின் தாய் உண்மையைக் கேட்டறிந்து மகனை உலுக்குகிறாள், திம்னா சிறையில் அடைக்கப்பட்டு முறைப்படி விசாரிக்கப்படுகிறது, சாட்சிகள் வருகிறார்கள், இறுதியில் மரணதண்டனை கிடைக்கிறது. இந்த அத்தியாயத்தை இபுன் அல்முகஃபாவே எழுதிச் சேர்த்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நீதிமன்றத்தில் பணியாற்றிய தங்களுக்கு அந்த அத்தியாயம் மிகவும் பிடிக்கும். வாதத்திறமை முழுவதும் குற்றவாளியின் பக்கமே இருக்கிறது.

பாலி ஜாதகத்தில் இதே கதை இன்னும் கடுமையாக முடிகிறது. சிங்கமும் எருதும் ஒருவரையொருவர் கொன்றுவிட, இரண்டின் இறைச்சியையும் நரி தின்கிறது.

தங்கள் கேள்விக்கு என் விடை, நரி கருவி, சிங்கமே குற்றவாளி என்பதுதான். நண்பனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்னும் வாய்ப்பு அரசனிடம் மட்டுமே இருந்தது.

கேள்வி: 'சிங்கப் பங்கு' என்று சொல்கிறார்களே, அதுவும் கதையிலிருந்து வந்ததா? (வாசகர், ராயபுரம்)

ஆம். சிங்கமும் கழுதையும் நரியும் சேர்ந்து வேட்டையாடுகின்றன. கழுதை மூன்று சமபங்காகப் பிரித்துவைத்து அடிபட்டுச் சாகிறது. அடுத்துப் பிரித்த நரி ஏறத்தாழ எல்லாவற்றையும் சிங்கத்துக்கே ஒதுக்குகிறது. "இப்படிப் பங்கிட உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று சிங்கம் கேட்க, "கழுதையின் கதி" என்கிறது நரி. ரோமானியப் புலவர் பீட்ரசு பாடிய வடிவத்தில் பசுவும் வெள்ளாடும் செம்மறியாடும் கூட்டாளிகள். புல் தின்னும் விலங்குகள் மானிறைச்சியில் எதற்குப் பங்கு கேட்டன என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வகையில் என்னை மிகவும் பாதித்தது பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் 1678-இல் வெளியிட்ட கொள்ளைநோய்க் கதை. நோய் நீங்க மிகப்பெரிய பாவியைப் பலியிட வேண்டும் என்று சிங்கம் அவை கூட்டி, தான் பல ஆடுகளையும் சிலபோது ஆட்டிடையனையும் தின்றதாக முதலில் ஒப்புக்கொள்கிறது. அரசே, தங்கள் வாயில் போனது ஆடுகளுக்குப் பெருமையல்லவா என்கிறது நரி. புலியும் கரடியும் செய்தவற்றை யாரும் துருவிக் கேட்கவில்லை. மடத்து நிலத்தில் நாக்களவு புல் மேய்ந்துவிட்டதாகக் கழுதை சொன்னதும், அதுவே பெரும்பாவம் என்று தீர்ப்பாகிவிடுகிறது. சிங்கம் இங்கே பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையை ஒப்புக்கொண்டும் தப்பிக்கக்கூடிய ஒரே விலங்கு அது.

கேள்வி: எல்லாக் கதைகளிலும் சிங்கம் முட்டாளாகவோ கொடியவனாகவோதான் இருக்கிறதா? (வாசகி, கொளத்தூர்)

இல்லை. ஜாதகக் கதைகள் சிலவற்றில், பின்னால் புத்தராகப் போகும் போதிசத்துவரே சிங்கமாகப் பிறக்கிறார். பனையோலை மேல் வில்வப்பழம் விழுந்த ஓசையைக் கேட்டு, உலகம் உடைகிறது என்று முயல் ஓட, அதைக் கண்டு மற்ற முயல்களும், மானும், பன்றியும், யானையும் ஓடுகின்றன. சிங்கம் குறுக்கே போய் மும்முறை கர்ச்சித்து எல்லாவற்றையும் நிறுத்துகிறது. "உலகம் உடைவதைக் கண்டது யார்?" என்று யானையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் முயலை வந்தடைந்து, அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த மரத்தடிக்கே போய்ப் பழத்தைப் பார்த்துவிட்டு வருகிறது. பிங்களகன் செய்யத் தவறிய வேலை இதுதான். இன்னொரு ஜாதகத்தில் சிங்கத்துக்கும் புலிக்கும் இடையே நரி மூட்டும் கோள் பலிக்கவே இல்லை, நீ அப்படிச் சொன்னாயா என்று ஒன்று மற்றொன்றிடம் நேரில் கேட்டுவிடுவதால்.

கேள்வி: வண்டலூரில் நாங்கள் பார்க்கும் சிங்கம் பெரும்பாலும் படுத்தே கிடக்கிறது. கதையில் வருவதற்கும் உண்மைக்கும் தொடர்பு உண்டா? (பள்ளி மாணவர், ஊரப்பாக்கம்)

படுத்துக்கிடப்பது உண்மைச் சிங்கத்தின் வழக்கம்தான். காட்டிலும் நாளின் பெரும்பகுதியை அது ஓய்விலேயே கழிக்கிறது. அடர்ந்த காட்டைவிடப் புல்வெளியும் முட்புதர்க் காடுமே அதற்கு ஏற்ற இடம். ஆசியச் சிங்கங்கள் இன்று இயற்கையாக வாழ்வது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும்தான். 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள் இருந்தன. வேட்டையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. நம் கதைகளோ பிடரிமயிர் உள்ள ஆணையே அரசனாக்கி, பெண் சிங்கத்தை அநேகமாக மறந்துவிட்டன. குரலைப் பொறுத்தவரை கதை மிகைப்படுத்தவில்லை. சிங்கத்தின் கர்ச்சனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கக்கூடும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். எந்தச் சிங்கக் கதையிலிருந்து தொடங்கலாம்? பயமுறுத்தும் முடிவுகளை மாற்றிச் சொல்லலாமா? (வாசகி, கோட்டூர்புரம்)

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு முயலின் பீதியைத் தீர்க்கும் ஜாதகச் சிங்கம் ஏற்றது. ஓட்டமும் கர்ச்சனையும் இருப்பதால் பிள்ளைகளையே நடிக்கவைக்கலாம். அதற்கடுத்துக் குகைக் கதையைச் சொல்லலாம். அதில் யாரும் சாவதில்லை என்பது மட்டுமன்றி, சிங்கம் பதில் சொல்லப்போகிறது என்பதைப் பிள்ளைகள் முன்கூட்டியே ஊகித்துச் சிரிப்பார்கள். கிணற்றுக் கதையின் முடிவை மாற்றி, சிங்கம் திருந்திவிட்டதாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நாள்தோறும் ஒரு விலங்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்த காட்டில் முயலுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். சிங்கமும் எருதும் கதையைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் படித்துக்காட்ட விரும்பினால், சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த தாண்டவராய முதலியார் எழுதி 1826-இல் அச்சான பஞ்சதந்திர உரைநடை இருக்கிறது. வாக்கியங்கள் இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று நீளம். ஆனால் நரி பேசும் இடங்களை உரக்கப் படித்தால், ஏன் சிங்கம் மயங்கியது என்பது கேட்பவர்களுக்கே தெரிந்துவிடும்.